எதுக்குள்ள விரியுது?

வீடு
பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். இருமல் விட்டதா, அந்த மேட்டுக் காத்துல மப்ளர் கட்டிக்கிறியான்னு அப்பா கேட்கச் சொன்னார். எங்க கட்டிக்கப் போறான்னு நானே பதில் சொல்லிட்டேன்.

இந்தக் காலத்துல பேனா பிடிச்சுக் கடிதம் எழுதற பொம்பளை நான் ஒருத்திதான்னு உன் மாமா கிண்டல் பண்றார். என்ன செய்யறது? நீ வேலை பார்க்கிற இடத்துல ஒரு செல்போன் கண் முழிச்சாலே வானத்துச் சத்தம் கெட்டுப் போயிடுமாம். இருக்கிற ஒரே கம்பி போனும் சாவுக்கும் தீ விபத்துக்கும் மட்டும்தான்னு உங்க சீஃப் சட்டம் போட்டிருக்கார். மிச்சம் இருக்கிறது அந்த வேன்தான். நீங்க அனுப்புற டேட்டா டிஸ்க்கும் அதே வேன்ல ஹெட் ஆபீஸுக்கு வந்து என் மேஜையில இறங்குது, இங்க ஒழுங்குபடுத்தினதும் உங்களுக்கே திரும்பி வருது. பெட்டியில உன் கோழிக்கிறுக்கல் லேபிளைப் பார்த்ததும், சரி, பையன் நல்லாதான் இருக்கான்னு நினைச்சுப்பேன்.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம். பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே போகுதுன்னு டிவியில யாரோ சொன்னாங்களாம். "எதுக்குள்ள விரியுது?"ன்னு காலையில இருந்து என் உயிரை எடுக்கறார். ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன். லிஃப்ட் ஏறி இறங்குற குழி, அந்த ஷாஃப்ட் இல்லாம எதுவும் நகரும்னா அவர் எப்படி நம்புவார்? நான் கம்ப்யூட்டர் பார்க்கிறவ, வானத்தைப் பார்க்கிறவர் உங்க தொரைதான்னு சொல்லி உன் பக்கம் தள்ளிவிட்டுட்டேன்.

மாடிப்படி ஏறினா அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது. வயசாகுதில்ல, வேற ஒண்ணுமில்லை.

உடம்பைப் பார்த்துக்க.

உன் அக்கா


முகாம்
பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ, மாமா, அப்பா எல்லாரும் நலமா? இருமல் போயிடுச்சு. கூடவே மப்ளரும் எங்கயோ போயிடுச்சு.

எழுத்து கோணலா இருந்தா திட்டாதே, வேன் கிளம்பறதுக்குள்ள எழுதறேன். பள்ளம் கிடைச்சிடுச்சு.

உட்கார்ந்துக்கிட்டு அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு. பிரபஞ்சம் பிறந்து ரொம்ப காலத்துக்கு ஒரே இருட்டு. ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது, வெறும் வாயுதான். முதல் நட்சத்திரங்கள் எரிய ஆரம்பிச்சப்ப, சுத்தி இருந்த ரேடியோ அலையில ஒரு துளியை அந்த வாயு குடிச்சிருக்கணும்னு கணக்கு சொல்லுது. அது உண்மைன்னா, நாங்க வரையற கோட்டுல ஒரு இடத்துல லேசா ஒரு பள்ளம் விழணும். அவ்வளவுதான். அதுக்காகத்தான் இந்த மொட்டை மேட்டுல இத்தனை வருஷமா காய்ஞ்சுக்கிட்டு இருக்கோம். திங்கக்கிழமை காலையில டீ டம்ளரோட ஸ்க்ரீன் முன்னாடி போய் நின்னேன். கோடு இறங்கி ஏறியிருந்தது. டம்ளரை எங்க வச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. சீஃப் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார், போட்டுக்கவே இல்லை.

ஆனா குதிக்க முடியாது. உறை இருக்கே. உனக்குத் தெரியும், அப்பாவுக்குத்தான் விளக்கணும். ஹெட் ஆபீஸ்ல யாரோ ஒருத்தர், யாருன்னு யாருக்கும் தெரியாது, எங்களுக்குத் திரும்பி வர்ற டேட்டாவுக்குள்ள ஒரு பொய்ப் பள்ளத்தைக் கலந்து வைக்கலாம். நாங்க கண்டுபிடிக்கிறோமா, அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் தண்டோரா போடுறோமான்னு பார்க்கறதுக்காக. வச்சாங்களா இல்லையான்னு ஒரு ஒட்டின உறைக்குள்ள இருக்கும். நாங்க எல்லாச் சோதனையும் முடிச்சு, கட்டுரை எழுதி, ஒருத்தர் விடாம கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைப் பிரிப்பாங்க. உள்ள வெறும் தாள் இருந்தா, பள்ளம் நிஜம்.

நீ அங்கதானே இருக்கே, காதுல ஏதாவது விழுந்துச்சா? கேட்கக் கூடாது. கேட்டுட்டேன். விடு.

அப்பாகிட்ட சொல்லு, பிரபஞ்சம் எதுக்குள்ளயும் விரியலை, இடமேதான் விரியுது.

அன்புடன்
தம்பி


வீடு
மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்கு ஜுரம் கிரம் ஒண்ணும் இல்லையே? இங்க சௌக்கியம்தான்.

அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டார். உறை விஷயம் அவருக்குச் சட்டுனு புரிஞ்சிடுச்சு. புது ஆளுங்க வேலைக்கு வந்தா இவரும் ஒரு நட்டைத் தளர்த்தி வச்சிட்டு, கண்டுபிடிக்கிறானான்னு மூலையில நின்னு பார்ப்பாராம். இடமே விரியுதுங்கிறதைத்தான் ஒத்துக்க மாட்டேங்கிறார். "ஷாஃப்ட்டே இல்லாம லிஃப்ட் போகுதுங்கிறான், இவனுக்குச் சம்பளம் வேற கொடுக்கறாங்க"ன்னார். அப்புறம் எதிர்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், தபால்காரர்னு ஒருத்தரை விடலை. என் பையன் உலகத்தோட முதல் விளக்கைக் கண்டுபிடிச்சுட்டான்னு ஒரே பீத்தல். அடுத்த சந்தேகமும் தயார். அந்த இருட்டுக்கு முன்னாடி என்ன இருந்துச்சாம்?

பள்ளத்தைப் பத்திப் படிச்சேன். நல்லா சரிபாருங்க.

ஒரு வாரம் பத்து நாள் லீவு போட்டுட்டு வந்துட்டுப் போயேன். சும்மாதான் சொல்றேன். உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

உன் அக்கா


முகாம்
மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே? எனக்குச் சாப்பாடு தூக்கம் ரெண்டும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, மத்தபடி ஜோர்.

"நல்லா சரிபாருங்க." இதானா? உலகம் முழுக்கத் தேடிக்கிட்டிருக்கிற பொருள் உன் தம்பி மேஜைக்கு வந்திருக்கு, நீ என்னடான்னா கரண்ட் பில்லைப் பார்த்த மாதிரி எழுதியிருக்கே. சின்ன வயசுல என் மார்க் ஷீட்டைப் பார்த்தும் இதே மூஞ்சியைத்தான் காட்டுவே, இன்ஸ்பெக்டர்.

இப்ப எப்படி வர முடியும்? ஆண்டெனாவைத் திருப்பி வச்சு முதல்ல இருந்து அளக்கணும். அப்பவும் பள்ளம் அதே இடத்துல இருந்தாத்தான் அது வானத்துல இருந்து வருதுன்னு அர்த்தம். மழைக்கு முன்னாடி முடிக்கணும். போன மழையில ரிசீவர் பெட்டிக்குள்ள தண்ணி இறங்கி, அந்த மாசத்து டேட்டா மொத்தத்தையும் குப்பைன்னு ஒதுக்கினோமே, ஞாபகம் இருக்கா? நீதானே அந்த டிஸ்க்கையெல்லாம் புலம்பிக்கிட்டே அலமாரியில அடுக்கினே. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்.

அப்பா கேட்டதுக்கு எனக்கும் ஒழுங்கான பதில் தெரியாது. முன்னாடிங்கிறதே அப்பதான் பிறந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க. கட்டுரை முடியட்டும், நேர்ல வந்து சண்டை போடுறேன்னு சொல்லு.

தம்பி


வீடு
ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒழுங்கா சாப்பிடு.

அப்பா கட்டிலை முன் ரூமுக்கு மாத்திட்டோம். ஜன்னல் பக்கம் காத்து நல்லா வருதாம், தெருவையும் பார்க்கலாம். மாடிக்கு இப்ப போறதில்லை. லிஃப்ட்காரன் வீட்டுல லிஃப்ட் இல்லை பார்த்தியான்னு அவரே சொல்லிச் சிரிச்சுக்கறார். சிரிச்சா இருமல் வருது, அதனால சிரிக்க வைக்காதேன்னு மாமாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

உன் வேலைக்குக் குறுக்க நிக்கக் கூடாதுன்னு அப்பாவோட கட்டளை. நானும் அதை மீறலை. ஆனா தம்பி, ஆண்டெனாவைத் திருப்ப உங்க முகாம்ல உன்னை விட்டா ஆளே இல்லையா? வேலை எங்கயும் ஓடிப் போயிடாது. நீ வா.

உன் அக்கா


முகாம்
ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். அங்க எப்படி?

நேராவே கேட்கறேன். உனக்கு என் மேல பொறாமையா? எழுதவே கஷ்டமாதான் இருக்கு. ஆனா ரெண்டு கடிதமா பார்க்கறேன், சந்தோஷமா ஒரு வார்த்தை உன் பேனாவுல இருந்து வரலை. வேலையை விட்டுட்டு வா, வேற ஆள் பார்த்துப்பான்னு எழுதறே. ஆண்டெனாவைத் திருப்பி அளந்தாச்சு. பள்ளம் அசையலை, அதே இடத்துல அப்படியே இருக்கு. சீஃப் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதார். இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதுக்கப்புறம் எல்லாரும் கையெழுத்து.

அப்பாவுக்கு உண்மையிலேயே ஏதாவது இருந்தா எழுது. காத்து வருது, தெரு தெரியுதுன்னெல்லாம் எழுதாதே.

தம்பி


வீடு
மே 1

தம்பிக்கு,

சௌக்கியமான்னு கேட்க மாட்டேன். இதைப் படிச்ச பிறகு நீ சௌக்கியமா இருக்க மாட்டே.

அப்பாவுக்கு இதயம் கெட்டுப்போச்சு. ஜனவரியிலேயே டாக்டர் சொல்லிட்டார், ஆபரேஷன் பண்ணினா தாங்க மாட்டார், பண்ணாட்டி மழைக்காலம் வரைக்கும் வந்தா அதிசயம்னு. தொரைக்குத் தெரியவே கூடாதுன்னு என் கையைத் தன் தலையில வச்சு சத்தியம் வாங்கினார். உடைச்சிட்டேன்.

இன்னொரு சத்தியத்தையும் உடைக்கறேன். உங்க டேட்டாவுல பொய்ப் பள்ளத்தைக் கலந்தது நான்தான்.

போன வருஷம் டைரக்டர் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். தம்பி அங்க இருக்கானே, வேணாம்னேன். நீதான் நேர்மையானவள்னார். ப்ரோக்ராமை ஓட்டினேன். அது தானா டிஸ்க்கையும் இடத்தையும் பொறுக்கி எடுத்துப் பள்ளத்தைப் போட்டுடும், நீங்க ஆண்டெனாவைத் திருப்பிப் புதுசா அளந்து அனுப்புற டிஸ்க்குலயும் போடலாம். எங்க போட்டுச்சுன்னு அச்சடிச்சு வர்ற தாளைப் படிக்காம மடிச்சு, கையெழுத்துப் போட்டு, உறையில வச்சு ஒட்டணும். அப்படியே செஞ்சேன். அதனால எந்த இடம்னு எனக்குத் தெரியாது. ஆனா வச்சது நான், கண்டுபிடிச்சது நீ. வேற என்னவா இருக்கும்?

பள்ளத்தைப் பத்தி உன் முதல் கடிதம் வந்த அன்னைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். பொறாமையான்னு கேட்டியே. நானே செஞ்சு வச்ச பொம்மையைக் காட்டி நீ குதிக்கறே, பக்கத்து ரூம்ல அப்பா மூச்சுக்குத் தவிக்கறார், நான் ரெண்டுக்கும் நடுவுல வாயை மூடிக்கிட்டு நிக்கறேன். இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

அங்க ஒண்ணும் இல்லைடா. இங்க இருக்கிறதும் ரொம்ப நாள் இருக்காது. வா.

அக்கா


முகாம்
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். நீ சாப்பிடுறியா? அந்தக் கட்டிலை இன்னும் ஜன்னல் பக்கத்துலதான் போட்டிருக்கியா? மாமாகிட்ட சொல்லி எடுத்துடு, பார்த்துக்கிட்டே இருக்காதே.

உன் மேல எவ்வளவு கோபம் வந்துச்சோ அவ்வளவும் அப்பா முகத்தைப் பார்த்ததும் போயிடுச்சு. பாதி ஆளா ஆகியிருந்தார். நான் தலையைத் தடவினப்ப, "மப்ளர் எங்க?"ன்னார். அதுக்கு நான் வாழ்நாள் பூரா உனக்குக் கடன்பட்டிருக்கேன்.

கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம், நீயும் இருந்தே, என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சாரே. பள்ளம் என்னாச்சு, எல்லாத்தையும் போட்டுட்டு ஏன் ஓடி வந்தேன்னு கேட்டார். மறைக்க மனசு வரலை. அது நிஜமில்லைப்பா, சோதனைக்காக வச்ச பொய்யின்னேன். என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். "சரி, ஃபேனைக் குறை"ன்னார். அவ்வளவுதான் பேசினார். தெருவெல்லாம் பீத்திக்கிட்ட மனுஷன். அந்தப் பார்வை கண்ணைவிட்டுப் போக மாட்டேங்குது.

இங்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். பொய்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிப் போடுறது? உன்னைக் காட்டிக் கொடுக்கவும் முடியாது. எனக்கு நம்பிக்கை வரலைன்னு மட்டும் சொன்னேன். சீஃப் விக்கிச்சுப் போயிட்டார். ஒருத்தர் போடலைன்னாலும் கட்டுரை வெளிய போகாது, உறையும் பிரியாது. அப்பா போன துக்கத்துல இவனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நினைக்கறாங்க போல. சாப்பாட்டு மேஜையில யாரும் என் பக்கத்துல உட்கார்றதில்லை.

தம்பி


ஆபீஸ்
ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நான் இதை ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்து எழுதறேன்.

உங்களுக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. வேன்ல போய்ச் சேரணுமே. கடல் தாண்டி இருக்கிற அந்த இன்னொரு டீம், நீ அடிக்கடி சொல்வியே, அவங்க இன்னைக்குக் காலையில அறிவிச்சுட்டாங்க. பள்ளம் கிடைச்சுதாம். படத்தைப் பார்த்தேன். எந்த இடத்துல உன்னோடது விழுந்துச்சோ அங்கயேதான். அதே ஆழம், அதே அகலம்.

நான் பொய்யை வச்சது நம்ம டேட்டாவுலதானே? அவங்க ஆண்டெனா வேற, அவங்க கம்ப்யூட்டர் வேற. என் பொய் கடல் தாண்டி அங்க எப்படிப் போகும்?

தலை சுத்துது தம்பி. இனி கையெழுத்துக்காகக் காத்திருந்து பிரயோஜனம் இல்லைன்னு டைரக்டர் உறையை எடுத்துக்கிட்டு அடுத்த வேன்ல அங்க வர்றார்.

அக்கா


முகாம்
ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

நலம்னுதான் ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சுட்டேன்.

எல்லாரும் நிற்கும்போது டைரக்டர் உறையைப் பிரிச்சார். உன் கையெழுத்தை நான் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சேன். மத்தவங்க தாளைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. நான் ஏன் கையெழுத்துப் போடலைன்னு அந்த நிமிஷமே அத்தனை பேருக்கும் புரிஞ்சிடுச்சு. சீஃப்தான் சத்தமா படிச்சார்.

உன் பள்ளத்தை ப்ரோக்ராம் போன மழை மாசத்துல மட்டும்தான் போட்டிருக்கு. தண்ணி இறங்கிக் குப்பைன்னு ஒதுக்கினோமே, அந்த டிஸ்க்குல. யாரும் திறந்தே பார்க்காத டிஸ்க்குல. நீயே அலமாரியில அடுக்கினதுல.

நான் கண்டுபிடிச்சது உன்னோடது இல்லைக்கா. அது வானத்துல இருந்துதான் வந்திருக்கு. முதல் நட்சத்திரம் எரிஞ்ச தடம் என் மேஜையில கிடந்துச்சு, நான் அதைப் பொய்யின்னு தள்ளிவிட்டுட்டேன்.

யாரும் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இரண்டாவதா உறுதி செய்தவங்கன்னு நம்ம பேரும் ஒரு ஓரத்துல வரும்னு சீஃப் சொன்னார், சொல்லிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். பேரு போனா போகட்டும். எனக்கு அது இல்லை. அப்பாகிட்ட பொய்னு சொல்லிட்டேனே. அவர் காதுல கடைசியா நான் போட்ட சேதி அதுதானே. இப்ப அது நிஜம்ப்பான்னு யார்கிட்ட போய் மாத்திச் சொல்றது?

ஒண்ணே ஒண்ணு கேட்கறேன், உண்மையா பதில் எழுது. அது நிஜம்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, என்னை வரச் சொல்லியிருப்பியா?

தம்பி


வீடு
ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ எப்படி இருக்கேன்னு கேட்கவே பயமா இருக்கு. ஆனாலும் கேட்கறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

வேலையில இருந்து என்னை நிறுத்தி வச்சிருக்காங்க, விசாரணை நடக்குது. செஞ்சதுக்கு அனுபவிக்கணும், அதைப் பத்தி நீ கவலைப்படாதே.

உண்மையா கேட்டே, உண்மையா சொல்றேன். வரச் சொல்லியிருப்பேன். நிஜம்னு தெரிஞ்சிருந்தா நீ வந்திருக்க மாட்டே. அதனால, பொய்யின்னு சொல்லியே வரச் சொல்லியிருப்பேன்.

இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு மத்தியானம் நீ டாக்டரைக் கூட்டிட்டு வர வெளிய போனதும் அப்பா என்னைப் பக்கத்துல கூப்பிட்டார். "தொரை கதை விடுறான்"ன்னார். என்ன கதைன்னேன். "அது நிஜம்தான். எனக்காக விட்டுட்டு வந்துட்டான், அது தெரிஞ்சா நான் வருத்தப்படுவேன்னு பொய்ங்கிறான். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே"ன்னார். ரொம்ப சந்தோஷமா இருந்தார் தம்பி. நீ திரும்பி வந்தப்ப தூங்கியிருந்தார்.

அப்பவே ஏன் சொல்லலைன்னு கேட்பே. அப்ப அது பொய்யின்னுதான் நானும் நினைச்சேன். அப்பா கடைசி வரைக்கும் ஏமாந்தே போனார்னு உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? இப்பதான் சொல்லலாம்னு ஆச்சு.

மழை ஆரம்பிச்சிருக்கும். தலையைத் துவட்டு.

உன் அக்கா


முகாம்
செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவை விசாரிச்சேன்னு சொல். மழை பிடிச்சுக்கிச்சு. ரிசீவர் பெட்டிக்கு நானே தார்ப்பாய் கட்டினேன்.

கட்டுரையை நேத்து சீஃப் மறுபடி என் முன்னாடி வச்சார். கையெழுத்துப் போட்டுட்டேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்லை. அப்பா அப்படிச் சொன்னது நடந்ததா, இல்லை என் மனசு ஆறட்டும்னு நீயா உள்ள வச்ச பொய்யான்னு எனக்குத் தெரியலை. அப்ப ரூம்ல நீயும் அவரும் மட்டும்தான். பொய் சொல்லியாவது கூப்பிட்டிருப்பேன்னு எழுதின அதே பேனா, அதே தாள். பிரிச்சுப் பார்க்க இதுக்கு உறையும் கிடையாது. நான் உன்கிட்ட கேட்கப் போறதும் இல்லை.

உன் கடிதத்துல உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தையும் போட்டு, மடிச்சு என் பெட்டியில வச்சிட்டேன்.

தம்பி